இலை வகை

பத்தேரி பஜாரில் ஒரு செல்போன் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது,
ஓரம் உடைந்து, ரப்பர் பேண்டு போட்டு.
அப்பாவின் போனஸில் அறுநூறு ரூபாய்.
உள்ளே மூன்று ஆட்டம், மூன்று பிரதேசம்,
எழுத்தெல்லாம் ஜப்பான்,
தீப்பெட்டி கவிழ்ந்த மாதிரி குச்சி குச்சியாய்.

படிக்கத் தெரியாததால்
நானும் தயாபரனும்
நாங்களாகவே சொல்லிக்கொண்டோம்.

முதல் பிரதேசத்தில் கதவுக்குத் தாழ் இல்லை.
எந்த வீட்டிலும் நுழையலாம்,
அடுப்படி வரை போகலாம்.
"யாரு நீ, எந்த லைனு?"
ஒருவரும் கேட்பதில்லை.
ஆளுக்கு ஒரே ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள்.
நூறு தரம் போய் நின்றாலும்
அலுக்காமல் அதையே தருகிறார்கள்.
நம்ம மேஸ்திரியும் அப்படித்தானே என்றான் தயா,
வாக்கியம்தான் வேற.

இரண்டாவதில் கடல்.
கல்யாணம் படகில், சாவும் படகில் என்று
நான் முடிவுசெய்தேன்.
ஒரு பெண் அலையைப் பார்த்தபடி நிற்பாள்,
பகலோ ராத்திரியோ திரும்பமாட்டாள்.
அவளுக்கு மண்டபம் என்று பெயர் வைத்தோம்.
அப்பா எட்டு வயதில் கப்பலிறங்கி
அரிசிக்கு வரிசையில் நின்ற முகாம் அது.
எங்களுக்குத் தெரிந்த ஒரே கடற்கரை.

மூன்றாவது மலை.
தேயிலையே இல்லாத மலை.
எடைபோடுகிற கொட்டகையை மூலை மூலையாய்த் தேடினோம்.
கொழுந்து பறிக்காத ஊரில்
இத்தனை பேரும் என்ன வேலை பார்க்கிறார்கள்?
வாசலில் நின்று
போகிற வருகிற பிள்ளைக்கெல்லாம்
பழம் கொடுக்கிறார்கள்.

ஆரம்பத்தில் மூன்று குட்டி காட்டுவார்கள்.
தீ, நீர், இலை. ஒன்றுதான் எடுக்கலாம்.
இலையை எடுத்தோம்.
விரல் வெடிப்பில் கறையோடு எட்டிப் பார்த்த அம்மா
"அதுலயும் எலதானா?" என்று
சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

பிடித்ததற்கெல்லாம் பெயர் வைத்தோம்.
மின்னட்டை. ஈரச்சாக்கு. லாரிக்கொம்பன்.
கடைசிவரை சிக்காத ஒன்றுக்கு
பட்டா.

அங்கே நெட்டைப் புல்லுக்குள் போனால்தான் பிழைப்பு.
சேரம்பாடியில் புல் அசைந்தால்
பள்ளிக்கூடம் லீவு.
பத்தொன்பதாம் நம்பர் மலையில்
குமுதவல்லி அக்காவின் கூடைதான் முதலில் கிடைத்தது.
அக்கா மறுநாள்.
ஆட்டத்தில் மயங்கி விழுந்தால்
வெள்ளைக் கட்டடத்தில் ஒரு மணி அடிக்கும்,
எழுந்து நடக்கலாம்.
எங்களுக்குப் பந்தலூர் ஆஸ்பத்திரி,
ஜீப்பு கிடைத்தால்.

இங்கேயும் பிரதேசம் மாறும்.
செக்போஸ்ட் தாண்டி நாலடி வைத்தால்
போன் நடுங்கிக் கேரளத்துக்கு வரவேற்கும்.
திரும்பி நாலடி வைத்தால் தமிழ்நாடு வரவேற்கும்.
அப்பா ஒருநாள் சும்மாவே
அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருந்தார்.
அவரை யாரும்
இத்தனை தரம் வரவேற்றதில்லை.

போன மாதம் திருப்பூரிலிருந்து தயா பேசினான்.
மூன்றையும் யாரோ இங்கிலீஷில் மாற்றியிருக்கிறார்களாம்,
நைட் ஷிப்ட் முடிந்து உட்கார்ந்து ஆடினானாம்.
யானை வருது போகாதே என்று
நாங்கள் எச்சரிக்க வைத்த பாலத்துக் கிழவர்
உண்மையில் சொல்வது:
இந்தப் பாலத்துக்குப் பெயின்ட் அடித்தது நான்தான்.
மண்டபம் சொல்வது:
தூண்டில் விலை ஏறிவிட்டது.
அம்மாவிடம் சொன்னேன்.
ஏறாம என்ன, என்றாள்.

அப்புறம் ஒரு விஷயம், என்றான் தயா,
சிரிப்பை அடக்கிக்கொண்டு.
முதல்நாள் பெயர் கேட்ட கட்டத்தில்
அவசரத்தில் ஒரே பொத்தானை
அமுக்கி அமுக்கித் தள்ளினோமே,
அந்தப் பெயர் 'ஆஆஆ'.
எட்டு ஊரை ஜெயித்தோம்.
எட்டுத் தலைவர்களும் எழுந்து நின்று
வாழ்த்துகள் ஆஆஆ, என்றிருக்கிறார்கள்.
உலகத்தைக் காப்பாற்றியதற்கு
நன்றி ஆஆஆ.

நேற்று ராத்திரி
வாழைப் பக்கம் புல் அசைந்தது.
தகரமும் டார்ச்சுமாய் லைன் முழுக்க வெளியே வந்து
ஒரே குரலில் அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டோம்.

அது கேட்டுக்கொண்டே நின்றது,
தண்டை மென்றபடி.